பனியன் லீக் முடிந்த கதை

எங்கள் லீக் ஏன் ஒரே சீசனில் படுத்துவிட்டது என்று அருப்புக்கோட்டையில் கேட்டுப்பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பொன்ராஜ் முதலாளி நொடித்துப்போனார் என்பான் ஒருவன். பொம்பளைப் பிள்ளைகள் டவுசர் மாட்டிக்கொண்டு ஆடினால் எத்தனை நாளைக்கு ஓடும் என்பான் இன்னொருவன். இரண்டு பேருமே ஒரு ஆட்டம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அதில் ஆடியவள். கரடிப் படம் போட்ட பனியனில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றவள். லீக்கை முடித்தது மழை. மழை வந்து ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மழை பெய்துவிட்டது, அதனால் எங்களால் யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் போயிற்று. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. எனக்கு இப்படி ஏற வேண்டும் என்று ஊரே காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம். பொன்ராஜ் முதலாளிக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கொட்டகைகள். சேலை, துண்டு என்று ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதரை அவருடைய மச்சினன் திருப்பூருக்கு இழுத்துக்கொண்டு போய் ஏற்றுமதிப் பனியனில் இறக்கிவிட்டான். அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் பெண்களுக்கென்று சின்னதாக ஒரு கூடைப்பந்து லீக் நடக்கிறது, சம்பளம் கொடுத்து ஆடவைக்கிறார்கள், அவர்களுக்குப் பனியனும் டவுசரும் தைத்து அனுப்ப வேண்டும் என்று ஆர்டர். தைத்துப் பெட்டி கட்டுவதற்குள் அந்த லீக்கையே மூடிவிட்டார்கள். சரக்குக் கேட்டவன் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. கரடி, கழுகு, குதிரை, திமிங்கலம் என்று நாலு விதப் படம் போட்ட பனியன்கள் மூட்டை மூட்டையாக அவருடைய கொட்டகையில் வந்து இறங்கின. எல்லாம் அமெரிக்கப் பெண்களின் அளவு. தறிக்காரர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுத்துப் பார்த்தார், கையில்லாத பனியன் எங்களுக்கு எதற்கு என்று அவர்கள் தொடவில்லை. வேறு ஆளாக இருந்தால் மூட்டையை எடைக்குப் போட்டுவிட்டு மச்சினனை நாலு சாத்து சாத்தியிருப்பார். முதலாளி வேறு மாதிரி யோசித்தார். பனியன் கையில் இருக்கிறது, லீக்தானே இல்லை, அதை நாமே ஆரம்பித்தால் போச்சு என்றார்.

அவர் நேராகப் போய் நின்ற இடம் ஈவா டீச்சர் வீடு. டீச்சர் டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், எங்களையெல்லாம் விசிலடித்து வளர்த்தவர். படிப்பு முடிந்து பருத்திக் காட்டிலும் தறிக் கொட்டகையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் சிதறிக் கிடந்த பழைய மாணவிகளை வீடு வீடாகப் போய்ப் பிடித்துவந்தார். அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று நாலு டீம். சம்பளம் உண்டு, சனிக்கிழமை சாயங்காலம் தறிக்காரர்களோடு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். டவுசர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாமார்கள் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டீச்சர் ஒரு பனியனை எடுத்து என் தலைவழியாக மாட்டிவிட்டார். எங்கள் பக்கத்திலேயே நான்தான் உயரம், பனமரம் என்றுதான் எனக்குப் பட்டப்பெயர். எனக்கே அது முழங்காலுக்குத் தொங்கியது. திருச்சுழி டீமுக்கு ஆடிய ஜெப ஷீலாவுக்குக் கணுக்கால் வரை வந்தது. நைட்டி மாதிரி லட்சணமாக இருக்கிறது என்று அம்மாமார்கள் சமாதானமாகப் போய்விட்டார்கள். லீக்குக்கு முதலாளி பஸ் நீளத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ஊர் அதைப் பனியன் லீக் என்று சுருக்கிக்கொண்டது.

என் பெயர் அமுதவள்ளி. எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்து ஊர், அந்த டீமில்தான் ஆடினேன். அப்பா பால்ச்சாமிக்குக் கொஞ்சம் கரிசல் காடு, பருத்தியும் கம்பும் போடுவார், எல்லாம் வானத்தை நம்பித்தான். எங்கள் கிணறு வற்றிப்போன வருஷம், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைச் சாலின் இரும்பு வளையம் சும்மாதானே கிடக்கிறது என்று அதை வேப்பமரத்தில் அடித்து எனக்குக் கூடை செய்துகொடுத்தவர் அவர். நிஜ வளையத்தைவிட அது நல்ல அகலம். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும். பள்ளிக்கூடத்துக்கு வந்து நிஜ வளையத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை ஈவா டீச்சர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. எனக்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல்தான் அது உட்கார்ந்திருந்தது. ஜெப ஷீலாவுக்கு இது நன்றாகத் தெரியும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஆள் குள்ளம், வாய் மட்டும் ஊர் நீளம். எதிர் டீமில் நின்று என்னைத் தடுக்க அவளுக்கு உயரம் பத்தாது, அதனால் வாயால் தடுப்பாள்.

முதல் ஆட்டம் டவுனில் நடந்தது. ஆள் வரவில்லை, ஆடுகள்தான் வந்தன. சரி, ஆள் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம் என்று முதலாளி இரண்டு இரும்புக் கம்பத்தையும் பலகையையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கதிர் அடிக்கிற சிமெண்டுக் களம் எந்த ஊரில் இருக்கிறதோ அதுதான் எங்கள் மைதானம். இரண்டாவது ஆட்டம் எம்.ரெட்டியபட்டிக் களத்தில், திருச்சுழி டீமோடு. ஆவணி மாசம். அந்தப் பக்கம் மழை என்று ஒன்றைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆட்டத்தின் நடுவில் ஜெப ஷீலா என் சடையைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு, மாட்டுக்குக்கூட இவ்வளவு நீளமாகக் கயிறு கட்ட மாட்டார்கள் என்றாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையிலிருந்த பந்தை அவள் மேல் எறியத்தான் நினைத்தேன், டீச்சர் பார்க்கிறாரே என்று வானத்தைப் பார்த்து எறிந்தேன். பந்து மேலே போனது. இடி இடித்தது. பந்து கீழே வருவதற்குள் மழையும் கூடவே வந்தது.

காரியாபட்டி ஆட்டத்தில் நடுவராக நின்ற ஈவா டீச்சரே எனக்குத் தப்பாக ஒரு ஃபவுல் கொடுத்துவிட்டார். நான் களத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நியாயம் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கத்தினேன். அன்றைக்கும் மழை. சந்தைக்கு வந்த சனமெல்லாம் நனைந்துகொண்டே என்னை வேடிக்கை பார்த்தது. ஆவணி சாயங்காலத்தில் இடிமழை வருவது வாடிக்கைதான், இதில் அமுதவள்ளிக்கு என்ன சம்பந்தம் என்று டீச்சர் கேட்டார். யாரும் அவருக்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

எங்கள் பக்கம் மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கிவந்து, ஊர் நடுவில் உட்கார்ந்து குடித்துவிட்டு, மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பெண்கள் படுகிற பாட்டைப் பார்த்து வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊரில் உக்கிரபாண்டி என்று ஒருவர், முன்னாள் பிரசிடெண்டு, எதற்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர். அவர்தான் இதற்கும் காரணம் சொன்னார்.

“பொம்பளைக அழுது அழுது வானத்துக்குப் பழகிப்போச்சு. இந்தப் புள்ள கோவப்படுதுல்ல, அது அதுக்குப் புதுசு.”

முடிந்தது கதை. அதற்கப்புறம் எங்களை ஊர் ஊராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேளம் வைத்து வரவேற்றார்கள். கம்பத்தில் வேப்பிலை கட்டினார்கள், பந்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள், அதைத் துடைக்காமல் ஆடினால் கையெல்லாம் வழுக்கும். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘அமுதவள்ளி கோபத்துடன் கலந்துகொள்கிறார்’ என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்துவிட்டார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எந்த டீம் ஜெயித்தது என்று ஒரு ஊரிலும் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று மட்டும் கேட்பார்கள்.

பந்தல்குடிப் பக்கம் ஒரு ஊரில் எனக்குக் காய்ச்சல். சண்டை போடத் தெம்பில்லாமல் சாதுவாக ஆடி முடித்தேன், வானம் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. ஊர்க்காரர்கள் டிராக்டரை மறித்துக்கொண்டார்கள். மழை வராமல் கம்பத்தைக் கொடுக்க முடியாது என்று சாதித்தார்கள். முதலாளி கெஞ்சிப் பார்த்தார், டீச்சர் அதட்டிப் பார்த்தார். கடைசியில் ஜெப ஷீலா வந்து, காய்ச்சல் வந்தால் இவள் முகம் கொஞ்சம் அடங்கி அழகாகத்தான் இருக்கிறது, அடிக்கடி வரட்டும் என்றாள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து அவளைக் களத்தைச் சுற்றி விரட்டினேன். தூறல்கூட விழவில்லை. ஆனால் முயற்சி செய்தாகிவிட்டது என்று கம்பத்தைக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து என்னைக் கோபப்படுத்துவது ஊருக்கு ஊர் ஒரு வேலையாகவே போய்விட்டது. எனக்கு எது பிடிக்காது என்று ஜெப ஷீலாவிடம் பரோட்டா வாங்கிக்கொடுத்து விசாரித்துவைத்துக்கொள்வார்கள். பஞ்சு மில் வாசலில் இட்லி விற்கும் மூக்கம்மாளின் வாய் அந்த வட்டாரத்தில் பேர்போனது. அவளைத் தனியாக வேன் வைத்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். என் மூக்கு, என் நடை, என்னைக் கட்டப்போகிறவன் ஏணி வைத்துத்தான் தாலி கட்ட வேண்டும் என்பது வரை ஒன்றையும் விடமாட்டாள். ஆட்டம் முடிந்ததும் கண்கலங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே ஆத்தா, ஊருக்காகத்தான் பேசினேன் என்று முறுக்குக் கொடுப்பாள். தின்றுகொண்டே நானும் மன்னிப்பேன். அவள் முறுக்கு நன்றாக இருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஈவா டீச்சர் எனக்கு ஒரு வழி பார்த்தார். மெட்ராசில் ஒரு பெரிய பேங்க். அவர்களுக்குப் பெண்கள் கூடைப்பந்து டீம் உண்டு, எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. அந்த டீமின் கோச் வசுமதி மேடம், டீச்சரோடு ஒரு காலத்தில் ஆடியவர். டீச்சர் அவரிடம் விடாமல் பேசிப் பேசிக் கடைசி ஆட்டத்தைப் பார்க்க வரச் சம்மதிக்கவைத்துவிட்டார். எனக்கு அதைவிட்டால் வேறு நாதியில்லை. பனியன்கள் அதற்குள்ளேயே நைந்து கிழிய ஆரம்பித்திருந்தன, லீக் அடுத்த வருஷம் இருக்கும் என்று முதலாளியே நம்பவில்லை. பேங்க் இல்லை என்றால் நான் பஞ்சு மில்லில் போய்க் கழிவுப் பஞ்சு பொறுக்க வேண்டியதுதான். அதில் இறங்கிய என் சித்திக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பேங்கில் அடக்கமான பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள், உன் பேச்சு ஏற்கெனவே மதுரை வரைக்கும் போயிருக்கிறது, அந்த அம்மா முன்னால் நீ வாயைத் திறந்தால் உனக்கு வேலையும் இல்லை, எனக்கு மானமும் இல்லை என்றார். செத்தாலும் கோபப்பட மாட்டேன் என்று டீச்சர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆனால் கடைசி ஆட்டம் எங்கே தெரியுமா? எங்கள் ஊர்க் களத்தில். புரட்டாசி முடியப்போகிற நேரம். மழையை நம்பி ஊரே புழுதியில் பருத்தி விதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஈரம் படாமல் விதை கிடக்கிறது, எறும்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அப்பாவும்தான் விதைத்திருந்தார். இன்னும் சில நாள் தள்ளிப்போனால் காட்டில் ஒன்றும் மிஞ்சாது, மறுபடி விதைக்க எங்களிடம் விதையும் கிடையாது. அப்படிப்பட்ட சமயத்தில் நான் கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்த விஷயத்தை ஜெப ஷீலா ஒரு பரோட்டாவுக்கு வெளியே விட்டுவிட்டாள்.

உக்கிரபாண்டி தலைமையில் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்கம்மாள் பேச்செல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பழகிவிட்டது, இனி அது ஏறாது, எதைச் சொன்னால் அதற்குத் தாங்காது என்று பெற்ற உனக்குத்தான் தெரியும், களத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டார்கள். உன் விதையும்தானே கிடக்கிறது என்றும் சொன்னார்கள். என் பிள்ளையை நானே வைவதா, வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று அப்பா அவர்களை அனுப்பிவிட்டார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

“நீ ஒம்பாட்டுக்கு ஆடு தாயி. மழைய நான் பாத்துக்கிறேன்.”

மழையை இவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆட்டத்தன்று களத்தைச் சுற்றி எள் போட இடமில்லை. வெள்ளைக் காரில் வந்து இறங்கிய வசுமதி மேடம் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். கிராமத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு இத்தனை ஆர்வமா என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேற்கே மேகம் திரண்டு நின்றது, நின்றதே ஒழிய நகரவில்லை. ஊர் ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்தது.

நான் முன்யோசனையாகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் இறங்கினேன். பஞ்சுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? மூக்கம்மாளின் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை வரவில்லை. சொர்க்கம் மாதிரி இருந்தது. ஆனால் டீச்சரின் விசிலும் கேட்கவில்லை. எல்லோரும் நின்ற பிறகும் நான் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். என் டீம் பிள்ளைகள் பின்னாலிருந்து பந்து கேட்டுக் கத்தியதும் தெரியவில்லை. ஜெப ஷீலா மேல் தோள் பட்டுவிட்டால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அவள் பந்தைப் பிடுங்கினால் கொடுத்துவிட்டேன். அடக்கம் என்றால் அப்படி ஒரு அடக்கம்.

இடைவேளையில் டீச்சர் வேகமாக வந்து என் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். மேடத்துக்குக் கலர் சோடா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த அப்பாவும் அவர் பின்னாலேயே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார். மேடம் சொன்னதை டீச்சர் அப்படியே சொன்னார். உயரம் இருக்கிறது, கை சுத்தமாக இருக்கிறது, ஆனால் யாராவது கேட்டால் பந்தைத் தானம் கொடுத்துவிடுகிறாளே, ரோஷமே இல்லாத பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டாராம். இருட்டுவதற்குள் மதுரை போக வேண்டும், கிளம்பவா என்றும் கேட்டாராம்.

“நான் சொன்னத மறந்துரு. இப்பக் கோவப்படு” என்றார் டீச்சர்.

கோபம் என்ன குழாய்த் தண்ணியா, திறந்தால் கொட்டுவதற்கு? இறங்கி நின்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், வரவில்லை. மூக்கம்மாள் பாவம், தொண்டை கட்டியும் விடாமல் என் குலத்தையே இழுத்தாள். எனக்கு அவள் முறுக்குத்தான் ஞாபகம் வந்தது. ஜெப ஷீலாவிடம் நானே கெஞ்சினேன், ஏதாவது சொல்லுடி என்று. அவள் சடையை இழுத்தாள், மாடு என்றாள், பழைய வசவையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னடி மரக்கட்டை மாதிரி நிற்கிறாய் என்று அவளுக்கே அழுகை வந்துவிட்டது. ஊர் ஊராக என்னை வைது வைது என் தோலை உரமேற்றிவிட்டிருந்தார்கள். மேடம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது தெரிந்தது. என் வேலை அந்தக் கைப்பையோடு கிளம்பப்போகிறது என்று புரிந்தும் கோபம் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அப்பா எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாயைத் திறந்ததும் களமே அடங்கிப்போனது.

“ஏ அமுதா. பந்த வச்சுட்டு வா, வீட்டுக்குப் போவோம். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்?”

வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இதே வார்த்தையைச் சொன்னதற்காகத்தான் அவர் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நல்லது கெட்டதுக்குக்கூட அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. உக்கிரபாண்டி எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது இதுதானா? பருத்திக்காக என்னை விற்றுவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் நான் ஆடியது எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என்னைத் தடுக்க வந்த ஜெப ஷீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எம்மா, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டாளாம். எதிரி கையில் இருந்த பந்தைப் பிடுங்கினேன், என் டீம்காரி கையில் இருந்ததையும் பிடுங்கினேன். போட்ட பந்தெல்லாம் விழுந்தது. ஒவ்வொரு தடவை போட்டுவிட்டுத் திரும்பும்போதும் அப்பாவைப் பார்த்து முறைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பலகையில் கட்டியிருந்த வேப்பிலை உதிர்ந்து தலையெல்லாம் கொட்டியது. பாதி ஆட்டம்வரை பின்னால் கிடந்த எங்கள் டீம் எப்போது முன்னால் போனது என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மழை இறங்கியது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஊற்றியது. சனம் மொத்தமும் களத்துக்குள் பாய்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது. உக்கிரபாண்டி மூக்கம்மாளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். புள்ளி எழுதிக்கொண்டிருந்த அக்கா, காயப்போட்ட வரட்டி நனைகிறதே என்று பேனாவோடு வீட்டுக்கு ஓடிவிட்டார். அதனால் லீக்கில் யார் ஜெயித்தது என்பது இன்றுவரைக்கும் தீரவில்லை. அதற்கப்புறம் ஐப்பசி முழுக்க அடைமழை. ஊர்களுக்கெல்லாம் களையெடுக்கவே நேரம் பத்தவில்லை, எங்களை யார் கூப்பிடுவார்கள்? முதலாளி மிச்சப் பனியனைத் தறி துடைக்கப் போட்டுவிட்டார்.

நான் அந்த ஆட்டம்பாட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றேன். டீச்சர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மேடம் கண்ணாடியை இறக்கி, அடுத்த மாசம் மெட்ராஸ் வந்துவிடு, டீமோடு ஆடிப் பார்க்கலாம், எனக்கு இந்த மாதிரி ஒருத்திதான் வேண்டும் என்றார். தலையை ஆட்டினேன். சந்தோஷப்படத் தோன்றவில்லை. மனசெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

சண்டை போட வேண்டும் என்றுதான் அப்பாவைத் தேடிப்போனேன். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். மழைதான் வந்துவிட்டதே, இப்போது திருப்திதானே என்று கேட்டேன். அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. வெள்ளைக் கார் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோசம் இல்லன்னாகளே அந்தம்மா” என்றார். “அப்பறமா நீ ஆடினத அவுக பாத்தாகளா தாயி?”

பார்த்தார்கள், மெட்ராசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அப்பா ஈரத் துண்டைப் பிழிந்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.